விற்கப்போகும் வீட்டுக்கு எவ்வளவு மேக்கப்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடு விற்பவர்களுடையவை. வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: 2008-ல் கட்டிய இரண்டு பெட்ரூம் பிளாட்டை விற்கப் போகிறோம். கிச்சனைப் பிரித்து மாடுலராக மாற்றினால் ஐந்து லட்சம் கூடுதலாகக் கேட்கலாம் என்கிறார் புரோக்கர். கொட்டேஷன் மூன்றரை லட்சம் வந்திருக்கிறது. செய்யலாமா? (அம்பத்தூர் வாசகி)

பதில்: கொட்டேஷன் கொடுத்தவர் புரோக்கருக்கு என்ன உறவு என்று முதலில் விசாரியுங்கள், அம்மா. பழைய பிளாட் வாங்க வருபவர் பிரிபடாத பாகம் (மனையில் பிளாட்டுக்குச் சேரும் பங்கு) எவ்வளவு, கார் நிறுத்த இடம் உண்டா, தண்ணீர் எப்படி, லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார். உங்கள் கிச்சன் கதவின் நிறம் அவர் வீட்டில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால், குடிவந்த மாதமே அதைக் கழற்றிப் போடுவார்கள்.

மூன்றரை லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒழுகும் குழாய்க்கு வாஷர், மஞ்சளடித்த சுவிட்ச் போர்டுகள், டைல்ஸ் இடுக்கில் கறுத்துப்போன கிரவுட், பிசுக்கு ஏறிய எக்ஸாஸ்ட் ஃபேன், திறக்க அடம்பிடிக்கும் ஜன்னல் கொக்கி. இவற்றைச் சரிசெய்யுங்கள். பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டி, பழைய மிக்ஸி, கால் உடைந்த கொலுப்படி எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். பால்கனிக் கொடியில் துணி வேண்டாம். ஆள் வரும் நேரத்தில் ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் இருக்கட்டும். வருகிறவர் முதலில் திறப்பது பாத்ரூம் குழாயைத்தான்.

கேள்வி: தென்மேற்கில் கழிப்பறை இருப்பதால் வீடு விலை போகவில்லை என்கிறார் வாஸ்து நிபுணர். இடித்து மாற்றிவிட்டு விற்கவா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். வாங்குபவருக்கு வேறொரு வாஸ்து நிபுணர் இருப்பார்.

கேள்வி: மே மாதம் தனி வீடு ஒன்றை வாங்கினோம். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. அக்டோபர் மழையில் படுக்கையறைச் சுவர் முழுக்கப் பெயின்ட் பொரிந்து விழுகிறது. பக்கத்து வீட்டார், "அது பழைய கதை, வருஷா வருஷம் இப்படித்தான்" என்கிறார்கள். விற்றவர், "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். (தாம்பரம் அருகிலிருந்து)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், சுவரின் மேல் வரும் அழுக்கு அல்ல. மொட்டை மாடித் தளத்தில் விரிசலோ, சுவருக்குள் போகும் பைப்பில் கசிவோ இருக்க வேண்டும். அல்லது அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாமல் மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். ஏறும் தண்ணீர் உப்பையும் கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. அதன் மேல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷனும் பூசினால் கோடை முழுவதும் சுவர் பட்டுப்போல இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எல்லாம் உரிந்து வரும். இது தெரிந்துதான் சித்திரை, வைகாசியில் வெள்ளையடித்து அவசரமாக விற்கிறார்கள்.

நானும் ஒரு கோடையில் இப்படித் தரைத்தள வீடு வாங்கியவன். ஐப்பசியில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்க உப்பு, உள்ளே என் மனைவியின் பட்டுப்புடவைகளில் பூஞ்சணம். விற்றவர் அதன்பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

உங்களுக்குச் சட்டத்தில் பிடி இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55 என்ன சொல்கிறது? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவே மோசடி என்கிறது. ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரைத் தேதியோடு படம் எடுங்கள். சிவில் இன்ஜினீயர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். "வருஷா வருஷம்" என்று சொன்ன பக்கத்து வீட்டாரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். தனிநபர் தன் பழைய வீட்டை விற்றதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பலன் குறைவு, சிவில் கோர்ட்தான் வழி. பில்டரிடம் நேரடியாக வாங்கிய வீடாக இருந்திருந்தால், சாவி வாங்கிய 5 ஆண்டுகளுக்குள் தெரியும் கட்டுமானக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துகிறது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கசிவை அடைத்து, ரசீதை வைத்துக்கொண்டு, "இங்கே ஈரம் இருந்தது, இன்ன வேலை செய்தோம்" என்று சொல்லுங்கள். வேலைக்குக் காசில்லையென்றால் பெயின்ட் அடிக்காமல் அப்படியே காட்டி, விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

கேள்வி: சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மாதிரி வீடு பார்த்துப் பதிவு செய்தோம். அங்கே பெட்ரூமில் கட்டில், பீரோ, மேஜை எல்லாம் போட்டும் இடம் இருந்தது. எங்கள் பிளாட்டில் ஆறடிக் கட்டில் போட்டால் பீரோ திறக்கவில்லை. பில்டர் ஏமாற்றிவிட்டார். (ஐடி ஊழியர்)

பதில்: மாதிரி வீட்டில் அளந்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு அளவுகூட இல்லை. மாதிரி வீட்டில் கட்டிலை ஐந்தடியோ அதற்கும் குறைவாகவோ போடுவார்கள். அறைக்கதவைக் கழற்றி வைப்பார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஒட்டுவார்கள். பீரோ என்று நீங்கள் பார்த்தது ஒரு சாண் ஆழமுள்ள ஷோகேஸாக இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியா (வெளிச்சுவர் சேராத உள்பரப்பு) எழுதியிருக்கும். அதை எடுத்து, டேப்பால் அறை அறையாக அளங்கள். எழுதியதைவிட உங்கள் பிளாட் சின்னதாக இருந்தால், அல்லது மாதிரி வீட்டின் அறையே பெரிதாக இருந்தால், ரெரா சட்டம் உங்கள் பக்கம். அதன் 12-வது பிரிவுப்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ பொய்த் தகவலை நம்பி வாங்கியவருக்கு இழப்பீடு உண்டு, வெளியேற விரும்பினால் கட்டிய பணம் வட்டியோடு வரும். அளவு சரியாக இருந்தால் சின்னக் கட்டில் வாங்குங்கள். மாதிரி வீட்டில் பார்த்த மாதிரியே சோபா வாங்கி, மாடிப்படித் திருப்பத்தில் ஏறாமல் கீழ்வீட்டாருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவன் நான். ஆனால் அதற்காகப் பில்டர் மேல் புகார் எழுதவில்லை.

கேள்வி: ஆடி மாதத்தில் விற்பனை விளம்பரம் கொடுக்கலாமா? (திருச்சி)

பதில்: கொடுங்கள். ஆடியில் வந்து பார்ப்பார்கள், ஆவணியில் அட்வான்ஸ் பேசுவார்கள்.

கேள்வி: விற்பதற்காக ஒரு லட்சத்துக்குப் பெயின்ட் அடித்தேன். மூலதன ஆதாய வரியில் கழிக்கலாமா? (சேலம்)

பதில்: கழிக்க முடியாது, அது பராமரிப்புச் செலவு. மாடியில் புதிதாக அறை கட்டியிருந்தால் ரசீதோடு கணக்கில் சேரும். விற்றுக்கொடுத்த புரோக்கருக்குத் தந்த கமிஷனையும் கழிக்கலாம், ரசீது இருந்தால்.

கேள்வி: அப்பா கட்டிய வீடு. சுத்தம் செய்து, பூந்தொட்டி வைத்து, புதுத் திரைச்சீலை மாட்டி அழகாக வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் பிடித்திருக்கிறது என்கிறார்கள், பேப்பரை வாங்கிப் போகிறார்கள், திரும்பி வருவதில்லை. பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது, அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. (மதுரை)

பதில்: விடையை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போவார், வங்கியின் வக்கீல் அந்தப் பட்டாவிலேயே நிறுத்திவிடுவார். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை எல்லா வாரிசுகள் பெயருக்கும் மாற்றுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், அப்பா வாங்கிய தேதிக்கு முன்னாலிருந்து எடுங்கள். சொத்துவரி, தண்ணீர் வரி, மின்கட்டண ரசீதுகளை ஒரே பைலில் போடுங்கள். வெளியூரில் இருக்கும் தம்பி, தங்கை கையெழுத்துப் போடுவார்களா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள், பத்திர ஆபீஸ் வாசலில் வைத்துப் பேசாதீர்கள். அதுவரை பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள், விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்.