பெற்றவரின் மரபணுவும் வளர்ப்பவரின் கையும்

கேள்வி: எங்கள் மகளை அவளுடைய இரண்டாவது வயதில் தத்தெடுத்தோம், இப்போது அவளுக்கு ஐந்து வயது. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை, என்ன சீராட்டினாலும் பிறவிக் குணம் மாறாது’ என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். மரபணு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்றால் வளர்ப்பால் ஆவது என்ன? எங்களிடம் வருவதற்கு முன் அவள் பட்ட துன்பம் அழியாமல் தங்கிவிடுமா?

பதில்: மரபணு பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த மரபணு, உடலின் எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு செயல்படும் என்பது அப்போதே தீர்மானமாகிவிடுவதில்லை. உங்கள் மகளின் கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான், ஆயினும் புரதம் ஆக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் ஒவ்வொரு வகைச் செல்லிலும் வெவ்வேறு மரபணுக்கள் இயங்குவதால்தான் ஒன்று கல்லீரலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆகின்றன. டி.என்.ஏ.வின் மீது மெத்தில் என்னும் சிறிய வேதித் தொகுதி ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அங்குள்ள மரபணு அடங்கிவிடுகிறது. எழுத்து மாறுவதில்லை, அது படிக்கப்படும் விதம் மாறுகிறது. உணவும் மன அழுத்தமும் அந்த விதத்தை மாற்றக்கூடியவை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு எலிகளிடம் செய்யப்பட்டது. மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மீனி, மோஷே சிஃப் ஆகியோரின் குழு 2004இல் அதை வெளியிட்டது. தாய் எலிகளில் சில தம் குட்டிகளை அடிக்கடி நக்கி நீவிவிடும். சில அவ்வளவாகச் செய்வதில்லை. முதல் வகைத் தாயிடம் வளர்ந்த குட்டிகளின் மூளையில், மன அழுத்த ஹார்மோனை உணர்ந்து அதைக் கட்டுப்படுத்த உதவும் ஏற்பி என்னும் புரதத்துக்கான மரபணுவின் மீது மெத்தில் குறைவாக இருந்தது; அந்த ஏற்பி மிகுதியாக உருவானதால் அவை அதிர்ச்சியிலிருந்து விரைவில் அமைதியடைந்தன. பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டிகளை இரு வகைத் தாய்களுக்கிடையே மாற்றி வைத்துப் பார்த்தபோது, குட்டிகளின் மெத்தில் குறி, அவற்றை ஈன்ற தாயை ஒத்திருக்கவில்லை, வளர்த்த தாயையே ஒத்திருந்தது. உங்கள் உறவினர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எலிக்குப் பொருந்தியதெல்லாம் மனிதக் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. உயிரோடிருக்கும் ஒரு குழந்தையின் மூளைச் செல்லை எடுத்துச் சோதிக்க முடியாது என்பதால், மனிதரிடம் பெரும்பாலும் இரத்தத்தையோ உமிழ்நீரையோ வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு பிள்ளையின் குணம் முழுவதும் தாயின் அரவணைப்பால் விளைந்தது என்று முடிவுகட்டுவதும், ‘பிறவிக் குணம்’ என்று ஒதுக்குவதைப் போலவே தவறு. அப்படி ஒரு பழியைத் தாய்மார்கள்மீது சுமத்த அறிவியல் இடம் தரவில்லை.

இனி, பழைய துன்பம் பற்றி. சில குறிகள் நெடுங்காலம் நீடிக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில், பஞ்சத்துக்கு ஆளாகாத உடன்பிறந்தோரிடம் இருந்ததைவிட மெத்தில் சற்றுக் குறைவாக இருந்தது.

ஆனால் நீடிப்பது வேறு, வாழ்வை ஆள்வது வேறு. குட்டிப் பருவத்தில் நாள்தோறும் சில மணி நேரம் தாயைப் பிரிந்திருந்த எலிகளை, பின்னர் துணையும் விளையாடப் பொருள்களும் நிறைந்த விசாலமான கூண்டில் வளர்த்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. அவற்றின் மூளையில் மரபணுக்கள் செயல்படும் அளவில் ஏற்பட்டிருந்த மாற்றங்கள் அப்படியே இருந்தன. ஆயினும் அவற்றின் அச்சமும் பதற்றமும், பிரிவையே அறியாத எலிகளின் அளவுக்குத் தணிந்திருந்தன. பழைய தடத்தை அழிக்காமலேயே மூளை வேறு வழிகளில் அதை ஈடுசெய்துகொண்டது என்று ஆய்வாளர்கள் கருதினர். உங்கள் மகளுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. அவளுடைய மூளை இன்னும் பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கும்.