வாசகர் கேள்வி-பதில்: நின்றபடி சுடும்போது துப்பாக்கி ஏன் ஆடுகிறது?

துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில் பல, நின்றபடி சுடும் நிலையைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பயிற்சிக்குப் போகிறேன். மேசையில் ஊன்றிச் சுட்டால் பத்தும் ஒன்பதுமாகப் புள்ளிகள் விழுகின்றன. எழுந்து நின்றால் ஆறு, ஏழு என்று இறங்கிவிடுகிறது. தினமும் ஜிம்முக்குப் போய்க் கைகளுக்கு வலுவேற்றியும் பலனில்லை. முன்சைட் (குழல் முனையில் குறி பார்க்க உதவும் வளையம்) குறி அட்டையின் கருப்பு வட்டத்தைச் சுற்றி அலைந்துகொண்டே இருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது? (கல்லூரி மாணவர், முனிர்க்கா)

மேசையில் ஊன்றும்போது நன்றாக விழுகிறது என்றால் உங்கள் கண்ணிலோ துப்பாக்கியிலோ குறையில்லை என்று பொருள். குறை நிற்கும் விதத்தில் இருக்கிறது. அதைக் கையின் பலத்தால் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். அதனால்தான் ஆட்டம் குறையவில்லை. இறுகிய தசை இடைவிடாமல் மெல்ல நடுங்கும், சில நிமிடங்களில் களைத்துப்போகும், களைத்தபின் இன்னும் அதிகமாக நடுங்கும். எலும்பு களைப்பதில்லை. துப்பாக்கியின் பாரத்தை எலும்பின் மீது இறக்கிவைக்கக் கற்றுக்கொள்வதுதான் நின்றபடி சுடுவதில் முதல் பாடம். என்னைக் கேட்டால் பாதிப் பாடமும் அதுவே.

நம் ஊரில் குழாயடியிலிருந்து தண்ணீர்க்குடம் சுமந்து வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் குடத்தைக் கையால் தூக்கிக்கொண்டு வருவதில்லை. இடுப்பை ஒருபுறம் தள்ளி, அந்த எலும்பின் மீது குடத்தை உட்காரவைத்து, மேலுடம்பை எதிர்ப்புறம் சற்றே சாய்த்துக்கொள்கிறாள். கை குடத்தின் கழுத்தை அணைத்திருக்கிறதே தவிர, பாரத்தைத் தாங்குவதில்லை. ரைஃபிள் பிடிப்பவர் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. வலது கையால் சுடுபவராக இருந்தால், உடம்பின் இடப்பக்கம் குறியைப் பார்க்க நின்று, இடது இடுப்பைத் துப்பாக்கிக்கு அடியில் வரும்படி குறியின் பக்கமாகத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றுங்கள். அந்த விளிம்பை முதலில் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். தோலுக்கு அடியில் கட்டையாகத் தட்டுப்படும். கை குட்டையாக இருந்து முழங்கை அங்கே எட்டவில்லையென்றால் மேற்கையை விலாவோடு ஒட்டி வைக்கலாம். போட்டி விதிகள் இரண்டையும் அனுமதிக்கின்றன. முன்கை ஒரு தூணைப்போல் நேராக மேலே எழும்ப, அதன் உச்சியில் முஷ்டியின் மீதோ விரல்களின் மீதோ துப்பாக்கி அமர வேண்டும். அப்போது இடது மேற்கையின் தசையை வலது கையால் தொட்டுப் பாருங்கள். அது தொளதொளவென்று இருந்தால் நீங்கள் சரியாக நிற்கிறீர்கள். கல்லாக இறுகியிருந்தால் இன்னமும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

துப்பாக்கியின் பாரம் உடம்புக்கு முன்னால் நிற்பதால், அதைச் சமன்செய்ய மேலுடம்பு பின்பக்கமாகச் சற்றே சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தால்தான் இரண்டின் பாரமும் சேர்ந்து பாதங்களுக்கு நடுவே விழும். பாதங்கள் தோளளவு அகலத்தில், இரண்டிலும் பாரம் சமமாக இருக்கட்டும். முழங்கால்கள் நேராக இருக்கலாம், ஆனால் பின்னோக்கி விறைத்துப் பூட்டிக்கொள்ளக் கூடாது. பல பிள்ளைகள் காலணிக்குள் விரல்களை மடக்கித் தரையைப் பற்றிக்கொள்ள முயல்வதைக் கவனித்திருக்கிறேன். அந்த இறுக்கம் கெண்டைக்கால், தொடை வழியாக ஏறித் தோள்வரை வந்துவிடும். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் கன்னத்துக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, கழுத்தை வளைத்துத் தலையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகக் கூடாது. உடம்பின் சமநிலையை உணரும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. தலை சாய்ந்தால் அது தரும் செய்தியை மூளை எளிதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் தள்ளாட்டம் கூடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். குறி பார்த்து நின்றபின் கண்களை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்திவிட்டுக் கண்களைத் திறங்கள். முன்சைட் குறிக்கு வலப்புறம் போய் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் எலும்புகள் இயல்பாகக் காட்டும் இடம் அதுதான். இத்தனை நேரமும் தசையால் அதை இடப்புறம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இதைக் கையால் திருத்தக் கூடாது. பாதத்தைத் திருத்த வேண்டும். வலது பாதத்தை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். மேலும் கீழுமாக விலகியிருந்தால், தாங்கும் கையின் உயரத்தையோ தோளில் பதியும் பட் பிளேட்டின் உயரத்தையோ மாற்றுங்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு அதன்மேல் நின்று, சரியாக அமைந்த நாளில் காலணியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். அடுத்த நாள் வந்து மனக்கணக்கில் நின்றுவிட்டுத் தாளைப் பார்த்தால், வலது குதிகால் கோட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. தோராயமாக நிற்பதற்கும் சரியாக நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தாள் எனக்குக் காட்டியதுபோல் எந்தக் கோச்சும் காட்டியதில்லை.

நிற்பதில் ஏன் இத்தனை நுணுக்கம் என்று தோன்றலாம். முன்சைட்டுக்கும், கண்ணுக்கு அருகே இருக்கும் பின்சைட்டுக்கும் இடையே சுமார் 80 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், முன்சைட் 1 மில்லிமீட்டர் விலகும்போது 10 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் குண்டு 12.5 மில்லிமீட்டர் விலகும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர்தான், ஆக, ஐந்து வளையங்கள் பறிபோகின்றன. நடுவில் உள்ள பத்து வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி.

இதைப் படித்துவிட்டு முன்சைட்டை அசையாமல் நிறுத்தியே தீருவேன் என்று கிளம்பிவிடாதீர்கள், ஏனென்றால் உயிருள்ள உடம்பு முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை. இதயம் துடிக்கிறது, கணுக்கால் ஒவ்வொரு நொடியும் உடம்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. தேர்ந்த வீரரின் முன்சைட்டும் அசைகிறது. ஆனால் அவருக்கு அது சிறிய எல்லைக்குள், மெதுவாக, அவசரமில்லாமல் அசைகிறது. புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, அலையும் முன்சைட் நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடித்துவிடலாம் என்று விசையை (ட்ரிக்கரை) வெடுக்கென்று பிடுங்குவது. அந்தப் பிடுங்கல், துப்பாக்கியின் சொந்த ஆட்டத்தைவிட அதிகமாகக் குண்டை விலக்கும். மூச்சை இயல்பாக விட்டு, விட்ட இடத்தில் நிறுத்தி, ஆட்டம் அடங்கிவரும்போதே விசையின் முதற்கட்ட அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, முன்சைட் நடுவை ஒட்டி நிற்கையில் மீதி அழுத்தத்தைச் சீராகக் கூட்டுங்கள். எட்டு நொடிக்குள் குண்டு போகவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் பார்வை மங்கும், தசை நடுங்கத் தொடங்கும். மின்னணு அட்டை வைத்து நடக்கும் போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடங்கள் தருகிறார்கள், அதாவது ஒரு குண்டுக்கு 75 நொடிகள். இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்ற நேரம் தாராளமாக இருக்கிறது. இறக்குவதை அவமானமாக நினைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஜிம்மை விட வேண்டாம். கைகளுக்குச் செலவிடும் நேரத்தை முதுகு, வயிறு, கால்கள் ஆகியவற்றின் தாங்குதிறனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்கப் பழகுவது, எடை தூக்குவதைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பயிற்சி முடிந்து வந்தால் இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலிக்கிறது என்கிறாள். துப்பாக்கி சுடுபவர்கள் அணியும் விறைப்பான ஜாக்கெட் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். பெண் குழந்தைக்கு இந்த விளையாட்டு ஏற்றதுதானா என்றும் உறவினர்கள் கேட்கிறார்கள். (ஒரு தாயார், மயூர் விஹார்)

அன்புள்ள சகோதரிக்கு, உறவினர்களுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் போட்டியில் பெண்களுக்கு முன்பு 40 குண்டுகள் இருந்தன. 2018 முதல் ஆண்களைப்போலவே 60. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் தங்கம் வென்றார். தோள்வலிமை வெற்றியைத் தீர்மானிக்காத விளையாட்டுகளில் இது ஒன்று.

வலியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். "இடுப்பைத் தள்ளு" என்று சொல்லும்போது குழந்தைகள் பெரும்பாலும் இடுப்பைத் தள்ளாமல், முதுகைப் பக்கவாட்டில் ஒடித்துக்கொள்கிறார்கள். பாரம் முழுவதும் கீழ்முதுகின் ஒருபுறத்தில் ஏறிவிடுகிறது. மகளைக் கண்ணாடிமுன் நிறுத்தி, பின்னாலிருந்து முதுகுத்தண்டைப் பாருங்கள். மெல்லிய வளைவாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் மடிந்ததுபோல் தெரிந்தால் கோச்சிடம் காட்டித் திருத்துங்கள். அவள் பிடிக்கும் துப்பாக்கியின் எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதிப்படி அதிகபட்சம் 5.5 கிலோ வரை இருக்கலாம். கனமான துப்பாக்கி மெதுவாக ஆடும் என்பது உண்மைதான், ஆனால் அதைத் தாங்கும் முதுகு இருக்கும்போதுதான் அந்த நன்மை கிடைக்கும். வளரும் குழந்தைக்குக் கழற்றக்கூடிய எடைகளையெல்லாம் கழற்றிவிட்டுத் தொடங்குவதே சரி. ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துவிடட்டும். பத்துக் குண்டுக்கு ஒருமுறை சுடும் கோட்டிலிருந்து விலகி வந்து, வளைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பை நீட்டி மடக்கட்டும்.

ஜாக்கெட் முதுகுக்கு ஆதரவு தரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் துணி 2.5 மில்லிமீட்டருக்குமேல் தடிக்கக் கூடாது என்பது விதி. விறைப்பையும் கருவி வைத்து அளக்கிறார்கள். தவறான நிலையைத் தாங்கிப்பிடிக்க அதனால் ஆகாது. இந்த வயதில் வாங்கினால் ஒரு வருடத்தில் சிறியதாகியும் போகும். நிலை திருந்தி, வளர்ச்சி சற்று நின்றபின் வாங்குங்கள். இரண்டு வாரத்தில் வலி குறையவில்லையென்றால் பயிற்சியை நிறுத்திவைத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ரேஞ்சுக்கு வாரம் இரண்டு நாள்தான் போக முடிகிறது. வீட்டில் குண்டு இல்லாமல் பழகுவதால் பயன் உண்டா? (அரசு ஊழியர், ஆர்.கே.புரம்)

நிரம்ப உண்டு. நிலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குண்டு பறக்காதபோது எண்ணிக்கையைப் பற்றிய கவலை இல்லை. உடம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனிக்கலாம். முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதை நீங்களே கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) டப்பாவை வேறு அறையில் வையுங்கள். சன்னல், கதவு, பால்கனி இல்லாத சுவரைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சி முடிந்ததும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைக் குழலில் மாட்டிப் பூட்டி வையுங்கள்.

முதல் பத்து நிமிடம் குறியே வேண்டாம்; வெற்றுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். குறி இல்லாதபோது முன்சைட் எந்தப் பக்கம் இழுக்கிறது, எப்போது அடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். அடுத்த பத்து நிமிடம் சிறிய கருப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி, விசையை அழுத்திப் பழகுங்கள். விசை விடுபட்ட பிறகும் ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை துப்பாக்கியை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். விசை விழுந்த கணத்தில் முன்சைட் துள்ளினால் விரல் பிடுங்குகிறது என்று பொருள். தினமும் இருபது நிமிடம் போதும். களைத்தபின் பழகினால் களைப்பின் நிலைதான் பழக்கமாகும்.

கேள்வி: ஜனவரிக் குளிரில் போட்டி. வரிசையில் நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. என்ன செய்யலாம்? (பள்ளி மாணவி, கரோல் பாக்)

படபடப்பு வராமல் இருக்காதம்மா. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடைசிக் குண்டுக்கு முன்னால் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்து வீரர் ஒருவரும் சம புள்ளியில் நின்றார்கள். பிந்த்ரா அடித்தது 10.8; ஒரு குண்டுக்கு உச்சப் புள்ளியே 10.9தான். அந்தக் கணத்தில் படபடக்காத நெஞ்சு உண்டு என்று நான் நம்பவில்லை. படபடப்பை அடக்க முயலாமல், பாதம், இடுப்பு, முழங்கை, கன்னம், மூச்சு என்று பயிற்சியில் செய்யும் அதே வரிசையை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே செய். காலையில் காப்பியைத் தவிர்த்துவிடு. உன்னை அழைக்கும்வரை விசையைத் தொடும் விரலைக் கையுறைக்குள் வைத்திரு. கனத்த ஸ்வெட்டரைப் போட்டிக்கு மட்டும் புதிதாக அணியாதே, தோளில் துப்பாக்கி பதியும் இடமே மாறிவிடும். குளிருக்கு எதை உள்ளே அணியப்போகிறாயோ, அதை அணிந்தே டிசம்பர் முழுவதும் பயிற்சி செய்.