அப்பாவின் ஓய்வூதியத்தில் ஓடும் ப்ராஜெக்ட்

கேள்வி: எனக்கு 36 வயது. சில வருடங்களாகத் தனியாக, ஒப்பந்த முறையில் மென்பொருள் வேலை செய்கிறேன். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது. இன்வாய்ஸ் அனுப்பி மூன்று மாதமானாலும் பணம் வருவதில்லை. 'சின்ன மாற்றம்தான்' என்று சொல்லியே வேலையை இழுக்கிறார்கள். ராத்திரியிலும் மெசேஜ். அழுத்திக் கேட்டால் அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்காதோ என்று பயம். போன மாத வீட்டுச் செலவை அப்பாவின் ஓய்வூதியத்தை வைத்துச் சமாளித்தோம். பேசாமல் மாதச் சம்பள வேலைக்கே போய்விடலாமா?

பதில்: தம்பி, ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் முடிகிறது. அதை ஓரமாக வைப்போம். அதற்கு முந்தைய வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

நீங்கள் முடித்துக் கொடுத்த வேலை அவர்கள் சர்வரில் ஓடுகிறது. அதை வைத்துத் தொழில் நடக்கிறது. உங்கள் பணம் மட்டும் வரவில்லை. அந்தப் பற்றாக்குறையை யாரோ ஒருவர் ஈடுகட்டியாக வேண்டும், ஈடுகட்டியவர் உங்கள் அப்பா. முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்கு ஒரு முதியவர் வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார். இது அவருக்குத் தெரியுமா? 'இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம்ப்பா' என்றிருப்பீர்கள், அவரும் ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்திருப்பார்.

கஷ்டத்தில் பெற்றவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. குடும்பம் எதற்கு இருக்கிறது? ஆனால் தர வேண்டியவர்களிடம் கேட்கக் கூசிக்கொண்டு, தர வேண்டிய அவசியமே இல்லாதவரிடம் கை நீட்டியிருக்கிறீர்கள். இதற்குப் பயம் என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்கிற தைரியம் இது.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். கெடு தாண்டிய இன்வாய்ஸ்களை எண், தேதி, தொகையோடு அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். ராத்திரி மெசேஜ் அனுப்புகிற மேனேஜருக்கு நகல் போதும், பணம் போடுகிறவர் அவர் இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர் எண் (அவர்கள் வேலை கொடுத்த உத்தரவின் எண்) விட்டுப்போன ஒரே காரணத்துக்காக மாதக்கணக்கில் தூங்குகிற இன்வாய்ஸ்கள் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள். பழைய பாக்கி வந்த பிறகுதான் புது வேலை என்பதும் அதே மெயிலில் இருக்கட்டும். அடுத்த ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி கட்டம் கட்டமாக. முழுத் தொகையும் வந்த பிறகே சோர்ஸ் கோடின், அதாவது நீங்கள் எழுதிய நிரலின், உரிமை கைமாறும் என்று ஒரு வரி.

அந்த 'சின்ன மாற்றம்' இருக்கிறதே! லாகின் பக்கத்தில் ஈமெயிலுக்குப் பதில் மொபைல் எண் போடலாமே என்பார்கள். திரையில் ஒரு பெட்டிதான் மாறும். பின்னால் டேட்டாபேஸைத் திருத்த வேண்டும், பழைய பயனர்களின் எண்களை வாங்க வேண்டும், ஓடிபி அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும், மறுபடி முழுக்க டெஸ்டிங். முடியாது என்று சொல்லாதீர்கள். 'செய்யலாம், இத்தனை நாள், இவ்வளவு தொகை' என்று எழுதி அனுப்பி, எழுத்தில் சம்மதம் வந்த பிறகு கை வையுங்கள். பாதி மாற்றங்கள் அங்கேயே காணாமல் போய்விடும்.

உங்கள் ரேட் மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பழைய மாதச் சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்து வைத்திருந்தால் அது நஷ்டக் கணக்கு. காய்ச்சலில் படுத்த நாளும், இன்வாய்ஸைத் துரத்துகிற நாளும் அதில் வராது.

சம்பள வேலையைத் தாராளமாகத் தேடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பாக்கியை விட்டுவிட்டு ஓடுவதற்காக மட்டும் வேண்டாம். ஒரே கம்பெனியை நம்பி இருக்கிறவரை சம்பளக்காரரின் நிம்மதியும் கிடையாது, தனியாகத் தொழில் செய்கிறவரின் சுதந்திரமும் கிடையாது. அதனால் இன்னும் இரண்டு இடத்திலாவது கதவைத் தட்டுங்கள்.

இன்று ராத்திரி மெசேஜ் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அப்பாவிடம் உட்கார்ந்து, யார் எவ்வளவு தர வேண்டும், அவர் பணம் எந்தத் தேதிக்குள் திரும்பி வரும் என்று சொல்லுங்கள். அவர் தேதி கேட்க மாட்டார். நீங்களே சொல்லுங்கள்.