லவுட்னெஸ் மீட்டருக்குக் காசு கொடுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்து, மிக்ஸும் நானே செய்கிறேன். கடைசிக் கட்டத்துக்கு லவுட்னெஸ் மீட்டர் (பாட்டு காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அளக்கும் கருவி) கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். இலவச ப்ளக்-இன் காட்டும் எண்ணை நம்பலாமா, இல்லை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாக நம்பலாம். மீட்டர் விற்கும் நிறுவனங்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட பி.எஸ்.1770 என்ற தரநிலைதான் எல்லோருக்கும் பொது. காதுக்குக் குறைவாக எட்டும் அடி பேஸைக் கழித்து, மேல் அலைவரிசைகளைச் சற்றுக் கூட்டி, அதன் பிறகு சராசரி எடுக்கும் முறை அது. மௌனமும் மிக மெல்லிய பகுதிகளும் சராசரியைக் கீழே இழுக்காதபடி அவற்றை ஒதுக்கிவிடும் ஏற்பாடு பின்னால் வந்த திருத்தத்தில் சேர்ந்தது. இந்தக் கணக்கின் விடையைத்தான் எல்.யூ.எஃப்.எஸ். என்ற அலகில் சொல்கிறோம்; எண் மைனஸில் வரும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல். ஒரே கணக்கு என்பதால், விலை கொடுத்த மீட்டருக்கு வேறு விடை வராது.

சந்தேகம் தீரவில்லையென்றால் நீங்களே சோதித்துப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி உருவாக்கி, பீக் அளவை, அதாவது ஒலி தொடும் உச்சத்தை, மைனஸ் 23 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். சரியான மீட்டர் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் மீட்டர்களைச் சோதிக்க வைத்திருக்கும் முதல் சோதனையே இதுதான்.

யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பு உங்கள் வேலைக்குப் போதும். ரீப்பர், லாஜிக் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்களில் மீட்டர் உள்ளேயே இருக்கிறது, எதையும் தேடிப் போவதற்கு முன் அங்கே பாருங்கள். காசு கொடுத்தால் வேறு வசதிகள் கிடைக்கும்: முழுக் கோப்பையும் ஓடவிடாமல் நொடிகளில் அளப்பது, அறிக்கை எடுப்பது, வசனத்தை மட்டும் பிரித்து அளப்பது. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இடங்களுக்குப் படம் கொடுப்பவர்களுக்கு அந்தக் கடைசி வசதி அவசியம். அங்கே வசனத்தின் அளவு மைனஸ் 27-ஐ ஒட்டி, கூடக் குறைய 2-க்குள் நிற்க வேண்டும். பாட்டு செய்பவருக்கு அது தேவையே இல்லை.

மீட்டரை விட அதைப் படிக்கும் முறையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. மொமென்ட்டரி என்பது கடைசி 400 மில்லிநொடியின் அளவு. ஷார்ட்-டெர்ம் என்பது கடைசி 3 நொடி. பாட்டின் அளவு என்று சொல்லத்தக்கது இன்டெக்ரேட்டட் எண் ஒன்றுதான். மீட்டரை ரீசெட் செய்து, பாட்டை முதலிலிருந்து முடிவு வரை ஓடவிட்டால்தான் அது சரியாக வரும். கோரஸை மட்டும் ஓட்டிப் பார்த்துக் குறித்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு மாஸ்டரிங் சேவையில் (மிக்ஸ் முடிந்த பாட்டை வெளியீட்டுக்கான இறுதிக் கோப்பாக, அதாவது மாஸ்டராக, ஆக்கித் தருபவர்கள்) ஸ்பாட்டிஃபைக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று என்று தனித்தனி மாஸ்டருக்குத் தனித்தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ‘மற்றவர்கள் பாட்டை விடச் சத்தமாக இருக்கும்’ என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த இரண்டு வாக்குறுதிகளில் ஒன்றுகூடக் காசுக்குத் தகுதியானதல்ல.

ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவில் ஒலிக்கவிடுகிறது. யூடியூபும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் என்ற, சத்தத்தைச் சமன்செய்யும் வசதியைப் போட்டிருந்தால் மைனஸ் 16 வாக்கில். கேட்பவர் காதுக்குப் போகும்போது சேவையே பாட்டை ஏற்றியோ இறக்கியோ வைக்கும் அளவுகள் இவை. நாம் அந்த எண்ணில்தான் மாஸ்டரை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மைனஸ் 8-இல் ஒரு மாஸ்டர் கொடுத்தால் 6 டெசிபல் இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 8-ஐ எட்ட, உச்சங்களை அடக்கும் லிமிட்டரில் நசுக்கிய டிரம்ஸ் அடி திரும்பி வராது. பக்கத்தில் மைனஸ் 12-இல் மூச்சுவிட இடம் வைத்து முடித்த பாட்டு அதே அளவில் ஒலிக்கும், அடியும் உயிரோடு இருக்கும். சத்தத்துக்குக் காசு கொடுத்து, கிடைத்த சத்தத்தையும் இழந்து, பாட்டின் துடிப்பையும் இழப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. நெரித்த ஒலிதான் அந்தப் பாட்டுக்கு அழகு என்று நீங்களே விரும்பினால் அது வேறு, அப்போது தயங்காமல் செய்யுங்கள்.

மெல்லிய மாஸ்டரில் ஒரு விஷயம் கவனியுங்கள். யூடியூப் சத்தமான பாட்டை இறக்கும், மெல்லியதை ஏற்றாது. ஸ்பாட்டிஃபை ஏற்றும், ஆனால் பீக் மைனஸ் 1 டெசிபலைத் தொடும் வரைதான். ஆகவே மைனஸ் 20-இல் நின்று, பீக் மட்டும் உச்சியில் முட்டும் மாஸ்டர் அங்கே மெலிவாகவே கேட்கும்.

காசு கொடுக்கும் முன் அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை திருத்தம் செய்து தருவார்கள்? ட்ரூ பீக், அதாவது ஒலி அலை உண்மையில் எட்டும் உச்சம், மைனஸ் 1-க்கு மேல் போகாமல் தருவார்களா? எம்பி3 மாதிரி சுருக்கும்போது பீக் மேலே எகிறும், அதற்குத்தான் அந்த இடைவெளி. மைனஸ் 14-ஐ விடச் சத்தமான மாஸ்டர் என்றால் மைனஸ் 2 வையுங்கள் என்று ஸ்பாட்டிஃபையே சொல்கிறது.

அப்புறம், ‘முன்பு, பின்பு’ என்று மாதிரி போட்டுக் காட்டுவார்கள். பின்பு வருவது பெரும்பாலும் சில டெசிபல் கூடுதலாக இருக்கும். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாலே பேஸும் மேல் ஒலிகளும் நிறைந்து தெரியும், காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கோப்பையும் வாங்கி, இன்டெக்ரேட்டட் அளவைப் பார்த்து, சத்தமானதை மற்றதன் அளவுக்கு இறக்கிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் பின்பு வந்தது பிடித்திருந்தால், அந்த ஆளுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

கேள்வி: பாட்காஸ்ட் அத்தியாயங்கள் எல்லாவற்றையும் ‘நார்மலைஸ்’ செய்துதான் ஏற்றுகிறேன். இருந்தும் ஒன்று சத்தமாகவும் ஒன்று மெதுவாகவும் இருக்கிறது. நல்ல மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: இருப்பதே போதும், மெனுவில் வேறு இடத்தைத் தொடுங்கள். நீங்கள் செய்தது பீக் நார்மலைஸ், அதாவது கோப்பின் உச்சியை மட்டும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. ஒரே ஒரு இருமலோ மேசையில் கை பட்ட சத்தமோ உச்சியைத் தொட்டால், மொத்தப் பேச்சும் அதற்குக் கீழே அடங்கிவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்று தனியாக இருக்கிறது. அதில் மைனஸ் 16 கொடுங்கள், பாட்காஸ்டுக்கு ஆப்பிள் பரிந்துரைப்பது அதுதான். அது தானாக வைத்திருக்கும் மைனஸ் 23 ஒலிபரப்புக்கான அளவு, அப்படியே விட்டுவிடாதீர்கள். முடிந்ததும் ட்ரூ பீக் மைனஸ் 1-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள், தாண்டினால் ஒரு லிமிட்டர் தேவைப்படும்.

மோனோ கோப்பு என்றால் இன்னொரு சிக்கல். ஒற்றைச் சேனலாக அளக்கும்போது, அதே குரல் இரண்டு ஸ்பீக்கரில் வருவதை விட 3 குறைவாகக் காட்டும். மோனோவில் மைனஸ் 19 என்றால் ஸ்டீரியோவில் மைனஸ் 16. மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் தேர்வு அதே பெட்டியில் இருக்கிறது, அதை டிக் செய்துவிட்டால் கவலை இல்லை.

கேள்வி: ஒலிப்புத்தகம் குறைந்த சத்தத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளவை ஏற்றி அனுப்பினால், இப்போது இரைச்சல் அதிகம் என்கிறார்கள். எந்த நாய்ஸ் ரிடக்‌ஷன் ப்ளக்-இன் வாங்கலாம்?

பதில்: அளவை 10 டெசிபல் ஏற்றினால் பின்னணி இரைச்சலும் அதே 10 டெசிபல் ஏறும். ஆடிபிளுக்கு ஒலிப்புத்தகம் ஏற்றும் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது ஆர்.எம்.எஸ். (ஒலியின் சராசரி அளவு) மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையே, பீக் மைனஸ் 3-க்குள், இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. இந்த மூன்றும் ஒன்றாகக் கைகூட வேண்டுமென்றால் பதிவிலேயே குரல் இரைச்சலை விட நன்றாக மேலே இருக்க வேண்டும். ப்ளக்-இன்னுக்கு ஒதுக்கிய காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, கணினியைத் தள்ளி வைத்து, மைக்குக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் பதிவு செய்து அளந்து பாருங்கள். அதிலும் மைனஸ் 60 வரவில்லையென்றால் மைக்கின் சொந்த இரைச்சலைச் சந்தேகிக்கலாம். அந்த நிலையில் வாங்க வேண்டியது வேறு மைக்.