நடுக்கடலில் பாக்கி வசூல்

கேள்வி: 1960-களில் இங்கிலாந்துக் கரையோரம் கப்பலில் இருந்தபடி பாட்டுப் போட்ட ‘பைரேட் ரேடியோ’க்காரர்கள் பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இசைக்காகவே வாழ்ந்தவர்களாமே? அந்தப் பிள்ளைகளைச் சட்டம் போட்டு ஒடுக்கியது நியாயமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பாட்டுப் போட்ட பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடல் குமட்டலோடு மைக் முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள், பாவம். நான் கேட்பது, கப்பலுக்குப் பணம் போட்டவர்களைப் பற்றி.

தொடக்கமே அழகு. 1964-ல் இரண்டு கோஷ்டிகள் கப்பல் தயார் செய்தன. ரோனன் ஒராஹிலியின் ரேடியோ கரோலின் ஒன்று, ஆலன் கிராஃபோர்டின் ரேடியோ அட்லான்டா இன்னொன்று. இரண்டு கப்பலுக்கும் வேலை நடந்தது அயர்லாந்தில் கிரீனோர் என்ற ஒரே துறைமுகத்தில். அந்தத் துறைமுகம் யாருடையது? ஒராஹிலியின் அப்பாவுடையது. எந்தக் கப்பல் முதலில் கிளம்பியது என்று நான் சொல்ல வேண்டுமா? மார்ச் கடைசியில் கரோலின் பாட ஆரம்பித்துவிட்டது. அட்லான்டா பின்னால் வந்து, ஜூலையில் கரோலினோடு இணைந்தது.

அட்லான்டா நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் மேஜர் ஆலிவர் ஸ்மெட்லி. தேம்ஸ் முகத்துவாரத்தில், யுத்த காலத்தில் விமானங்களைச் சுடக் கட்டிய பழைய கோட்டை ஒன்றிலிருந்து ‘ரேடியோ சிட்டி’ நடத்தியவர் ரெக் கால்வர்ட். கால்வர்ட்டுக்கு ஸ்மெட்லி தரப்பிலிருந்து ஒரு டிரான்ஸ்மிட்டர், அதாவது ஒலிபரப்புக் கருவி, போனது. பணம் திரும்பி வரவில்லை. அது வேலையே செய்யவில்லை, எதற்குப் பணம் என்பது கால்வர்ட் கட்சி. இதற்கு நடுவில் கால்வர்ட் இன்னொரு நிலையத்தோடு பேரம் பேசுகிறார் என்ற செய்தி வேறு.

கரையில் என்றால் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கும். இங்கே ஸ்மெட்லி தரப்பில் ஒரு கூட்டம் படகில் போனது. 1966 ஜூன் 20, விடிவதற்கு முன் கோட்டையில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி நிலையத்தைக் கைப்பற்றினார்கள். டிரான்ஸ்மிட்டரின் கிரிஸ்டலைக் கழற்றிக்கொண்டார்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் பொருள்தான், ஆனால் அது இல்லையென்றால் அலைவரிசை இல்லை, நிலையம் ஊமை. மறுநாள் இரவு கால்வர்ட் எஸ்ஸெக்ஸில் ஸ்மெட்லியின் வீட்டுக்குள் ஆவேசமாகப் புகுந்தார். ஸ்மெட்லி துப்பாக்கியால் சுட்டார். கால்வர்ட் அங்கேயே செத்தார். வழக்கு நடந்தது, தற்காப்பு என்று ஸ்மெட்லி விடுதலை. உங்கள் ‘இசைக்காக வாழ்ந்தவர்கள்’ கதையில் இதை எங்கே வைப்பீர்கள்?

சரி, இங்கிலாந்துக்காரர்கள்தான் இப்படியா என்றால், ஹாலந்துக்காரர்கள் ஒரு படி மேல். அங்கே ரேடியோ வெரோனிகா என்ற பழைய பெருச்சாளிக்குப் போட்டியாக வந்தது, இரண்டு சுவிஸ்காரர்கள் நடத்திய ரேடியோ நார்த்சீ. 1970 ஆகஸ்டில், தன்னையும் அதில் ஒரு நிர்வாகி என்று சொல்லிக்கொண்ட ஆம்ஸ்டர்டாம் கேளிக்கை விடுதி முதலாளி ஒருவர், இழுவைப் படகோடு வந்து கப்பலையே கொண்டுபோகப் பார்த்தார். அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பிலேயே உதவி கேட்டுக் கத்தினார்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காக வெரோனிகா அந்த நார்த்சீக்கு 10 லட்சம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கொடுத்தது. வாங்கியவர்கள் சில மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பாட ஆரம்பித்தார்கள். 1971 மே மாதம் ஓர் இரவில் ரப்பர் படகில் வந்தவர்கள் கப்பலுக்குக் குண்டு வைத்தார்கள். வெரோனிகா முதலாளி ஜெயிலுக்குப் போனார். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: கப்பலைக் கரைப் பக்கம் வரவைத்தால் கடனுக்கு ஜப்தி செய்யலாமாம்!

அரசாங்கத்தின் கை எட்டாத இடம் என்றுதான் கடலுக்குப் போனார்கள். அமீனாவின் கையும் அங்கே எட்டாது என்பதைக் கொடுத்த பணம் நின்ற பிறகுதான் யோசித்தார்கள்.

நீங்கள் சொல்லும் சட்டம் 1967 ஆகஸ்ட் நடுவில் அமலுக்கு வந்தது. பெரும்பாலோர் மூட்டை கட்டினார்கள். கரோலின் மட்டும் சட்டத்தை மதிக்காமல் பாடியது. அதற்காக யாரும் அதைப் பிடிக்கவில்லை. பிரிட்டனிலிருந்து விளம்பரம் கொடுப்பதும் சாமான் அனுப்புவதும் குற்றமாகிவிட்டதால் வருமானம் படுத்தது. உணவும் தண்ணீரும் எண்ணெயும் கொண்டுவந்த டச்சுக் கம்பெனிக்குப் பாக்கி ஏறியது. 1968 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைய முதல் பாட்டுக்கு முன்பே அந்தக் கம்பெனியின் இழுவைப் படகு வந்து நங்கூரச் சங்கிலியை அவிழ்த்தது. கரோலினின் இரண்டு கப்பல்களும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ச் சேர்ந்தன. நாலு வருடம் அங்கே துருப்பிடித்துக் கிடந்து, 1972-ல் ஏலத்துக்கு வந்தன.