வெளியாள் அனுப்பிய நிரலை எப்படிச் சேர்ப்பது?

சேலம்–ஏற்காடு பஸ் நேரம் காட்டும் உங்கள் ஆப்புக்கு முன்பின் தெரியாத ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (தன் நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பியிருக்கிறார், நேராக மெர்ஜ் செய்யலாமா, அதாவது உங்கள் நிரலோடு இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் கிட் ஃபெட்ச் கட்டளை கொடுத்து, அதைத் தனி பிராஞ்சாக (கிளையாக) உங்கள் கணினியில் இறக்குங்கள். என்னென்ன மாறியிருக்கிறது என்று காட்டும் டிஃப்பை வரிவரியாகப் படித்த பிறகே ஓட்டிப் பாருங்கள். மலையேறும் 20 கொண்டை ஊசி வளைவிலும் சிக்னலை நம்ப முடியாது, அதனால் நெட்டை அணைத்துவிட்டும் சோதியுங்கள்.

சரியாக இருந்தால் மெர்ஜ் செய்யலாம். அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய பெயர். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்துவைக்கும் மாற்றத்திலும்) எழுதியவர், சேர்த்தவர் என இருவரையும் தனித்தனியே குறித்துவைக்கிறது. மின்னஞ்சலில் பேட்ச் (மாற்றங்கள் மட்டும் அடங்கிய கோப்பு) வந்தால் கிட் ஏஎம் என்ற கட்டளை எழுதியவர் பெயரைக் காக்கும். கிட் அப்ளை கட்டளை போட்டு நீங்களே கமிட் செய்தால் உங்கள் பெயர்தான் ஏறும். அப்படி ஏறிவிட்டால், புஷ் செய்யும் (சர்வருக்கு அனுப்பும்) முன்பே கமிட்டை அமெண்ட் செய்து (திருத்தி) ஆத்தர், அதாவது எழுதியவர், இடத்தில் அவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.