பாட்டும் படமும்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி பதில்

எங்கள் சங்க விழாவுக்காக ஒரு முருகன் பாட்டைப் போனில் படமெடுத்தோம். பல்லவியில் உதட்டசைவு கச்சிதம். மூன்றாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். போன் கெட்டுவிட்டதா?
வாசகி, சாட்ஸ்வர்த்

போன் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் குணமே அப்படி. வெளிச்சம் குறைந்தால் போன் கேமரா ஃப்ரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எடுக்கும் தனிப்படங்களின் எண்ணிக்கையை, தானே குறைத்துக்கொள்ளும். திரையில் 30 என்று காட்டிக்கொண்டே 24, 27 என்று இறங்கி ஏறும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அது சீராக 30 என்று நம்பி அடுக்குவதால் விலகல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. எடுத்த படத்தை ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் போட்டு, ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ தேர்ந்து மாற்றிய பிறகு எடிட்டிங்கில் ஏற்றுங்கள். அடுத்த முறை, ஃப்ரேம் வேகத்தைப் பூட்டிவைக்கும் கேமரா செயலியில் எடுத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு விலகல் இருந்தால் நோய் வேறு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். 25 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி, அதற்குள் ஒலி 14 மீட்டர்கூடத் தாண்டாது. பாடுபவர் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு 40 மீட்டர் தள்ளி நின்று ஜூம் போட்டு எடுத்தால், கேமராவில் பதியும் பாட்டு மூன்று ஃப்ரேம் பிந்தியிருக்கும். அந்த மூன்றையும் கையால் நகர்த்திவிடுங்கள். இரண்டு புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஆடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

சினிமாப் பாட்டில் சேலையும் கூந்தலும் மெதுவாக மிதக்கின்றன, ஆனால் வாயசைவு மட்டும் சரியான வேகத்தில் இருக்கிறது. கிராஃபிக்ஸா?
வாசகர், பீனிக்ஸ்

கிராஃபிக்ஸ் இல்லை, கணக்கு. படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து, 25இல் ஓட்டுகிறார்கள். வேகமாகப் பாடிய வாய் பாட்டின் இயல்பான வேகத்துக்கு வந்துவிடும். காற்றில் பறந்த சேலை மட்டும் பாதி வேகத்தில் மிதக்கும்.

நீங்களும் செய்யலாம். ‘ஆடாசிட்டி’ என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பாட்டைத் திறந்து ‘டெம்போ’வை 100 சதவீதம் கூட்டுங்கள். சுருதி மாறாது, பாடுபவர் குழம்பமாட்டார். பாட்டுக்கு முன்னால் நான்கு ‘பீப்’ ஒட்டிக்கொண்டால் எடுப்பு தவறாது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/100 நொடியாக வையுங்கள். வழக்கத்தைவிட இரு மடங்கு வெளிச்சம் வேண்டும், இல்லையென்றால் படம் புள்ளி புள்ளியாகும். எடிட்டிங்கில் அந்தத் துண்டின் வேகத்தை 50 சதவீதமாக்கி, மூலப்பாட்டின் மேல் பொருத்துங்கள். போனில் 60 ஃப்ரேம்தான் இருக்கிறது என்றால் எடிட்டிங் டைம்லைனை 30ஆக வையுங்கள், கணக்கு அதேதான். 60இல் எடுத்து 25இல் போட்டால் பாட்டை 2.4 மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டியிருக்கும். அதற்கு வாய் பத்தாது.

பாட்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு உள்ள மெலடி 160 ஆகும், சமாளித்துவிடலாம். 130 உள்ள குத்துப்பாட்டை 260 ஆக்கினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பலரும் கோட்டைவிடுவது முகத்தில். வேகமாகப் பாடும்போது புருவமும் தோளும் கூடவே துள்ளும், திரையில் அது பதற்றமாகத் தெரியும். வாய்க்கு மட்டும்தான் அவசரம், மற்றதெல்லாம் நிதானமாக இருக்கவேண்டும். கண் சிமிட்டுவதை வரி முடிவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூந்தலுக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன் போதும்.

சென்னைக்காரர்களின் யூடியூப் பாடங்களைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். மண்டபத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, வெளியில் முகத்தில் நிழல் விழுகிறது. எங்கே தப்பு?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பட்டைக்குக் காரணம் மின்சாரம். இந்தியாவைப் போலவே இங்கும் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் தானாக 1/60 ஷட்டர் எடுத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. 1/50 அல்லது 1/100இல் பூட்டுங்கள். அப்படியும் பட்டை ஓடினால் எல்.இ.டி. விளக்கின் டிம்மர்தான் காரணம், அதை முழு வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு எடுங்கள்.

நிழலுக்குக் காரணம் நாம் இருக்கும் இடம். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டர்பனில் எப்போதும் வடக்கே. ஜூன் மாத நடுப்பகலில்கூட 37 பாகை உயரம்தான் ஏறும். ‘மென்மையான வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல்’ என்று பாடத்தில் சொன்னால் நீங்கள் தெற்கு ஜன்னலைத் தேடுங்கள். டர்பன் கடற்கரை கிழக்கே பார்த்தது, பொன் வெயில் காலையில்தான் கிடைக்கும். மாலையில் வெயில் ஊருக்குப் பின்னால் போய்விடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிவதால் ஒப்பனையை மூன்றரைக்கு ஆரம்பிக்கவேண்டும். யாரும் வரமாட்டார்கள் என்றால் ஜூனில் எடுங்கள், ஆறே முக்காலுக்கு மேல்தான் உதிக்கும்.

பரதநாட்டியப் பாட்டு ஒன்றை நெட்டுவாக்கில் வெட்டிப் போட்டோம். கைகளைக் காணோம்!
வாசகி, லெனேஷியா

காணாமல்தான் போகும். 16க்கு 9 படத்தை 9க்கு 16ஆக வெட்டினால் அகலத்தில் 32 சதவீதம்கூட மிஞ்சாது. 3840 புள்ளியில் எடுத்த படத்தில் 1215 புள்ளிதான் தேறும். நாட்டியாரம்பம் என்ற நிலையில் கையை விரித்து நின்றால் நடனமணியின் அகலம் ஏறக்குறைய அவர் உயரத்துக்கு வந்துவிடுகிறது, அதை நெட்டுச் சட்டத்தில் அடைத்தால் தலைக்கு மேல் வெற்றுச் சுவர். நெட்டுவாக்கில்தான் போடப்போகிறீர்கள் என்றால் அபிநயத்தை இடுப்புக்கு மேல் தனியாக ஒரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். அடவுகள் கிடைவாக்கிலேயே இருக்கட்டும். இந்த நெட்டுச் சட்டம் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. பக்கவாட்டில் நகரும் அடிகள் குறைந்து, நின்ற இடத்தில் கையாட்டுவதே நடனம் என்றாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான்.

உங்களுக்குப் பிடித்த நான்கு பாட்டுப் படங்கள்? எஃபெக்ட்ஸ் நிறைந்ததாகச் சொல்லுங்கள்.
வாசகர், டோங்காட்

நான்கு தருகிறேன், எஃபெக்ட்ஸ்தான் உங்களை ஏமாற்றும். 1998இல் வந்த ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’. நீலகிரி மலை ரயிலின் கூரைமேலேயே ஆடினார்கள், ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். சுரங்கத்துக்குள் நுழையும் இருட்டைக்கூடத் தாளமாக்கிக்கொண்டார்கள். அடுத்து ஜமிரோகுவாய் குழுவின் ‘வர்ச்சுவல் இன்சானிட்டி’, 1996. பாடகர் வழுக்கும் தரையில் ஆடுவதாகத் தோன்றும், ஆனால் தரை அசையவில்லை. சுவர்களைத்தான் தள்ளினார்கள், கேமராவும் சுவரோடு சேர்ந்து நகர்ந்தது. கோல்ட்பிளேயின் ‘தி சயன்டிஸ்ட்’ பின்னோக்கி ஓடும் படம், வாய் மட்டும் நேராகப் பாடும். அதற்காகப் பாடகர் வரிகளைத் தலைகீழாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார், ஒரு மாதம் பிடித்தது. மேலே பீனிக்ஸ் வாசகருக்குச் சொன்ன வித்தைக்கு அண்ணன் இது.

நான்காவது, 2021இல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த பாட்டு. இங்கே நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

‘ஒய் திஸ் கொலவெறி’யையும் விடமுடியவில்லை. பாட்டு முன்பே கசிந்துவிட்டதால் ஒலிப்பதிவுக் கூடத்துக் காட்சிகளோடு அவசரமாக வெளியிட்டார்கள், அன்றிலிருந்து ‘மேக்கிங் வீடியோ’ தமிழ் சினிமாவில் ஒரு சடங்காகிவிட்டது. வெளியான நாள் 2011 நவம்பர் 16. ‘ட்ரூரோ’ கப்பல் நம் முன்னோரை நேட்டாலில் இறக்கிய 1860 நவம்பர் 16க்குச் சரியாக 151 ஆண்டுகள் கழித்து.

சினிமாப் பாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் ஆடியதை யூடியூபில் போட்டால் தடை வருகிறது. சாம்ரோ என்ற இசை உரிமை அமைப்பின் உரிமம் எங்களிடம் இருக்கிறதே?
நடன ஆசிரியை, வெருலம்

சாம்ரோ உரிமம் மேடையில், மண்டபத்தில் பாட்டை ஒலிக்கவிடுவதற்கு. பாட்டைப் படத்தோடு ஒட்ட இரண்டு அனுமதி வேறாக வேண்டும்: ஒன்று பாடல் உரிமையாளரிடம், இன்னொன்று அந்த ஒலிப்பதிவை வைத்திருக்கும் ஆடியோ நிறுவனத்திடம். ‘உரிமை மீறும் எண்ணம் இல்லை’ என்று கீழே எழுதுவதால் ஒரு பயனும் கிடையாது. பல நிறுவனங்கள் படத்தை நீக்காமல் விளம்பர வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வந்த அறிவிப்பு ‘க்ளெய்ம்’ என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான், ‘ஸ்ட்ரைக்’ என்றால் படத்தை யூடியூபே நீக்கியிருக்கும், மூன்று விழுந்தால் சேனலே போகும். திருப்புகழுக்குப் பதிப்புரிமை இல்லை. உங்கள் ஊர்ப் பாடகரையும் மிருதங்கக்காரரையும் வைத்து, அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவுசெய்தால் அந்த ஒலிப்பதிவு உங்களுடையது. இன்னொருவர் அமைத்த மெட்டை மட்டும் அனுமதியில்லாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.